அறிவுசார் சொத்து, தனிமனித உரிமை, அரசின் எல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதிப்புரிமையே வேண்டாம் என்பதுதான் உங்கள் நிலைப்பாடா?

இல்லை. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் கருவியொன்றைக் கண்டுபிடித்தவருக்கும் தம் உழைப்பின் பலன்மீது உரிமை உண்டு என்பதில் எனக்கு ஐயம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், பல வாரங்கள் உழைத்து நான் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று, நான் கவனிக்காமல் விட்டிருந்த ஓர் எழுத்துப்பிழை உட்பட அப்படியே, வேறொருவர் பெயரில் வெளிவந்ததைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. பணம் போனதற்காக அல்ல, பெயர் போனதற்காக. ஆகவே திருட்டுக்கு நான் இங்கே வக்காலத்து வாங்கவில்லை. படைத்தவருக்கு உரிமை உண்டு என்பது ஒரு செய்தி. அந்த உரிமையைக் காப்பதற்கென்று அரசிடமும் பெருநிறுவனங்களிடமும் எத்தகைய அதிகாரத்தை ஒப்படைக்கிறோம் என்பது வேறொரு செய்தி. முதலாவதை மனமார ஏற்கிறவர், அதற்காகவே இரண்டாவதையும் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பதிப்புரிமையும் காப்புரிமையும் ஒன்றுதானா?

தமிழில் இந்தக் குழப்பம் நெடுநாளாக உண்டு. 'காப்புரிமை' என்ற சொல்லையே இரண்டுக்கும் எழுதுகிறவர்கள் பலர். இங்கே நூல், பாடல், படம், மென்பொருள் முதலியவற்றுக்கான உரிமையைப் பதிப்புரிமை என்றும், கண்டுபிடிப்புக்கான உரிமையைக் காப்புரிமை என்றும் சொல்கிறேன். பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே பிறந்துவிடுகிறது. காப்புரிமையை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். வணிகச் சின்னம் மூன்றாவது வகை. வாங்குபவர் ஏமாறாமல் இருப்பதே அதன் முதன்மையான நோக்கம்.

அறிவை எப்படிச் சொத்து என்று சொல்ல முடியும்?

என் நாற்காலியை நீங்கள் தூக்கிக்கொண்டு போனால் எனக்கு உட்கார இடம் இல்லை. என் பாட்டை நீங்கள் பாடினால் பாட்டு என்னிடமும் இருக்கிறது, உங்களிடமும் இருக்கிறது. தாமஸ் ஜெபர்சன் 1813இல் எழுதிய ஒரு கடிதத்தில், ஒருவர் தம் மெழுகுவத்தியை என் மெழுகுவத்தியில் ஏற்றிக்கொள்வதால் என் வெளிச்சம் குறைவதில்லை என்று இதைத்தான் விளக்கினார். அவர் காப்புரிமைக்குப் பகைவர் அல்லர். அமெரிக்காவின் 1790ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காப்புரிமை விண்ணப்பங்களைப் பரிசீலித்த முதல் குழுவில் அவரே ஒருவர். அப்படிப்பட்டவர் கண்ட முடிவு, இந்த உரிமை இயற்கையில் விளைந்தது அன்று, சமூகம் தன் நன்மைக்காக மனமுவந்து அளிக்கும் சலுகை என்பதாகும்.

ஒரு நிலத்தைக் காக்க வேண்டுமானால் அந்த நிலத்தைச் சுற்றி வேலி போட்டால் போதும். ஒரு பாட்டைக் காக்க வேண்டுமானால் வேலியை எங்கே போடுவது? அதைக் கேட்கும் ஒவ்வொருவரின் வீட்டிலும், கைப்பேசியிலும், வாயிலும் போட வேண்டியிருக்கிறது. அறிவுசார் சொத்தைப் பற்றிய விவாதம் எப்போதும் தனிமனித உரிமையில் போய் முட்டுவதற்குக் காரணம் இதுதான். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தன் 27ஆம் பிரிவில் இரண்டையும் அருகருகே வைத்தது: பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கவும் அறிவியலின் பயனை அடையவும் எல்லோருக்கும் உரிமை உண்டு, தம் படைப்பிலிருந்து எழும் நலன்களுக்குப் பாதுகாப்பும் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஒரே பிரிவின் இரண்டு வரிகள் இவை. இரண்டாவது வரியை மட்டும் உரத்துப் படிக்கிறவர்கள் அதிகம்.

இது வணிகர்களுக்கும் படைப்பாளிகளுக்கும் இடையிலான விவகாரம். அரசின் அத்துமீறல் எங்கிருந்து வந்தது?

அரசின் அத்துமீறல் இந்த உரிமையின் பிறப்பிலேயே இருந்தது. இங்கிலாந்தில் 1557இல் மேரி அரசி லண்டன் நூல் வணிகர் சங்கத்துக்கு ஒரு சாசனம் வழங்கினார். அதன்படி, சங்கத்தைச் சேராதவர்கள், தனி அனுமதி பெற்றவர்கள் நீங்கலாக, அச்சிடக் கூடாது. அனுமதியின்றி அச்சிடப்பட்ட நூல்களைத் தேடி வீடு புகுந்து சோதிக்கவும் கைப்பற்றவும் சங்கத்துக்கே அதிகாரம். அரசிக்கு வேண்டியிருந்தது, மதத்துக்கும் ஆட்சிக்கும் எதிரான எழுத்துகளை ஒழிப்பது. வணிகர்களுக்கு வேண்டியிருந்தது, போட்டியில்லாத சந்தை. தணிக்கையும் ஏகபோகமும் கைகோத்துக்கொண்டன. எழுதியவருக்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. கையெழுத்துப் பிரதியை விற்றதோடு அவர் கதை முடிந்தது.

அச்சு உரிமச் சட்டம் 1695இல் காலாவதியாயிற்று. அதைப் புதுப்பிக்க நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. முன்தணிக்கையும் ஏகபோகமும் ஒன்றாகவே வீழ்ந்தன. வணிகர்கள் மீண்டும் மீண்டும் மனுப் போட்டதன் விளைவாக 1710இல் நடைமுறைக்கு வந்ததுதான் ஆன் அரசியின் பெயரால் அறியப்படும் சட்டம். அதன் புதுமை இரண்டு. உரிமை முதன்முதலாக எழுதியவரின் பெயருக்கு வந்தது. அதற்கு 14 ஆண்டு என்ற கெடு விதிக்கப்பட்டது, ஆசிரியர் அப்போது உயிரோடு இருந்தால் இன்னும் 14 ஆண்டு. கெடு முடிந்தாலும் எங்கள் உரிமை நிரந்தரமானது என்று வணிகர்கள் தொடர்ந்து வாதாடினார்கள். 1774இல் பிரபுக்கள் சபை அந்த வாதத்தை நிராகரித்தது.

காப்புரிமையின் கதையும் இதுவே. எலிசபெத் அரசி தமக்கு வேண்டியவர்களுக்கு உப்பு, சீட்டுக்கட்டு போன்ற பொருள்களில்கூட ஏகபோகம் எழுதிக் கொடுத்ததால் எழுந்த கோபம்தான் 1624ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டம். மன்னரின் கையைக் கட்டிய அந்தச் சட்டம், புதிய கண்டுபிடிப்புக்கு மட்டும் 14 ஆண்டு விலக்கு அளித்தது. இன்று நாம் காணும் காப்புரிமை அந்த விலக்கின் வழித்தோன்றல். இந்த வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: காலக்கெடு என்பது பின்னாளில் யாரோ பறித்துக்கொண்ட ஒன்று என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசு தரும் ஏகபோகத்துக்கு அஞ்சியவர்கள்தான் அந்தக் கெடுவைத் தொடக்கத்திலேயே வைத்தார்கள்.

14 ஆண்டாக இருந்தது எப்படி இவ்வளவு நீண்டது?

படிப்படியாக. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான 1886ஆம் ஆண்டு பெர்ன் உடன்படிக்கையின் இன்றைய வடிவம் ஆசிரியரின் ஆயுளோடு 50 ஆண்டுகளைக் குறைந்தபட்சமாகக் கோருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும், 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அமெரிக்காவிலும் அது ஆயுளோடு 70 ஆண்டு. முப்பது வயதில் ஒருவர் ஒரு நூல் எழுதி, எண்பது வயதில் இறந்தால், அந்த நூல் 120 ஆண்டு பூட்டிக் கிடக்கும். 1998ஆம் ஆண்டு நீட்டிப்பு, ஏற்கெனவே எழுதப்பட்ட நூல்களுக்கும் பொருந்தியது. இறந்துபோன ஒருவரை இன்னும் எழுதும்படி எந்தச் சட்டத்தாலும் ஊக்குவிக்க முடியாது என்று வழக்குத் தொடுத்தவர்களின் வாதம் எனக்கு இன்றும் மறுக்க முடியாததாகவே தோன்றுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003இல் 7க்கு 2 என்ற கணக்கில் அதை ஏற்க மறுத்தது.

மெக்காலே 1841இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் நீட்டிப்பை எதிர்த்துப் பேசும்போது, பதிப்புரிமை என்பது எழுத்தாளருக்குக் கொடை தருவதற்காக வாசகர்மீது போடப்படும் வரி என்றார். வரி தேவை என்பதை அவர் மறுக்கவில்லை; கொடை போய்ச் சேராத இடத்துக்கும் வரி வாங்குவதை எதிர்த்தார். வரம்பு மீறி நீட்டினால், நேர்மையானவர்களும் கள்ளப் பதிப்பாளர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்ற அவருடைய எச்சரிக்கை இன்றைய நிலைமைக்கு எழுதியதுபோல் இருக்கிறது.

திருட்டைத் தண்டிப்பது அரசின் கடமை இல்லையா?

கடமைதான். உலக வணிக அமைப்பின், அறிவுசார் சொத்து பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 61ஆம் பிரிவு எந்தத் திருட்டுக்குக் குற்றவியல் தண்டனை கட்டாயம் என்று சொல்கிறது: வேண்டுமென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், வணிக அளவில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும்தான் தனிமனிதருக்கும் சிறைக்கும் இடையே நிற்கும் சுவர். ஆயிரக்கணக்கில் போலிப் பிரதி அச்சிட்டு விற்பவரும், நண்பருக்கு ஒரு பக்கத்தைப் படியெடுத்துக் கொடுத்தவரும் ஒரே கூண்டில் நிற்கக் கூடாது. இரண்டாமவர் தவறே செய்திருந்தாலும் அது நட்டஈட்டு வழக்கு. காவல்துறைக்கு அதில் வேலை இல்லை.

இந்த அளவு தவறும்போது என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க நிரலாளர் ஆரன் ஸ்வார்ட்ஸ் வழக்கு சான்று. ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பான ஜேஸ்டோரிலிருந்து இலட்சக்கணக்கான கட்டுரைகளை ஒரு பல்கலைக்கழக வலையமைப்பின் வழியே தரவிறக்கியதற்காக அவர் 2011 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். ஜேஸ்டோர் அவரோடு சமாதானமாகப் போய், மேற்கொண்டு நடவடிக்கையில் தனக்கு ஆர்வம் இல்லை என்று அறிவித்துவிட்டது. அமெரிக்க அரசு விடவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ்கூட அல்ல, கம்பிவழி மோசடி, கணினி மோசடிச் சட்டங்களின்கீழ் 13 குற்றச்சாட்டுகள் வரை அடுக்கியது. 2011இல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் வெளியிட்ட செய்திக்குறிப்பு 35 ஆண்டு வரை சிறை என்று பேசியது. அவர் எதையும் விற்கவில்லை. 2013 ஜனவரியில், வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 26 வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் செய்தது சரி என்று வாதாட நான் வரவில்லை. பறிகொடுத்தவரே போதும் என்ற பிறகும், அரசு அந்த அளவு பலத்தோடு ஓர் இளைஞரைத் துரத்தியது எந்தப் பொதுநன்மைக்காக என்பதே என் கேள்வி.

'நீக்கக் கோரும் அறிவிப்பு' முறையில் என்ன குறை?

மின்னணு யுகத்துக்கென அமெரிக்கா 1998இல் இயற்றிய டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம் உருவாக்கிய முறை இது. பெரிய தளங்கள் பல அந்நாட்டைச் சேர்ந்தவை என்பதால் உலகெங்கும் உள்ளவர்களை இது தொடுகிறது. ஒருவர் தம் உரிமை மீறப்பட்டதாக அறிவிப்பு அனுப்பினால், தளம் உடனே அந்தப் படைப்பை நீக்கிவிட வேண்டும். நீக்கினால் தளத்தின்மீது பொறுப்பு வராது. நீதிமன்றத்துக்கு இதில் பங்கே இல்லை.

அறிவிப்பின் வாசகத்தைக் கூர்ந்து படித்தால் ஒரு சாய்வு தெரியும். பொய்ச்சத்தியத் தண்டனைக்கு உட்பட்டு அனுப்புபவர் உறுதிசொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: இன்ன உரிமையாளர் சார்பில் பேசும் அதிகாரம் தமக்கு உண்டு என்பது. உரிமை உண்மையில் மீறப்பட்டிருக்கிறதா என்பதற்கு 'நல்லெண்ணத்துடன் நம்புகிறேன்' என்றால் போதும். பதில் அனுப்பும் சாதாரண மனிதரோ, தம் படைப்பு தவறுதலாக நீக்கப்பட்டது என்று நல்லெண்ணத்துடன் நம்புவதையே பொய்ச்சத்தியத் தண்டனைக்கு உட்பட்டு எழுத வேண்டும். தம் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் தர வேண்டும். நீதிமன்ற அதிகார வரம்புக்குத் தாம் கட்டுப்படுவதாகவும் ஒப்ப வேண்டும். குற்றம் சாட்டுபவருக்கு இலேசான சுமை, சாட்டப்பட்டவருக்குப் பாரமான சுமை.

2007இல் ஒரு தாய், சமையலறையில் தம் குழந்தை தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஆடுவதை 29 விநாடி படம் பிடித்து யூடியூபில் ஏற்றினார். பின்னணியில் பாடகர் பிரின்ஸின் பாட்டு கரகரவென்று ஒலித்தது. இசை நிறுவனம் அறிவிப்பு அனுப்ப, படம் நீக்கப்பட்டது. அவர் விடவில்லை, வழக்குத் தொடுத்தார். நியாயமான பயன்பாடா, அதாவது அனுமதியின்றியே சட்டம் ஏற்கும் பயன்பாடா என்று எண்ணிப் பார்க்காமல் அறிவிப்பு அனுப்பக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் சொன்னது. 29 விநாடிக்கு எட்டு ஆண்டு! அதுவும் ஒரு பொதுநல அமைப்பு அவருக்காக வாதாடியதால்தான் முடிந்தது.

திருட்டுத் தளங்களையும் திருடுபவரின் இணைய இணைப்பையும் முடக்கினால் என்ன?

யார் முடக்குவது, எதைக் காட்டி முடக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2010 நவம்பரில் அமெரிக்கச் சுங்க அமலாக்கத் துறை, டஜாஸ்1 என்ற ஹிப்ஹாப் இசைத் தளத்தின் முகவரியைக் கைப்பற்றியது. சான்றாகக் காட்டப்பட்ட பாடல்களில் சில, விளம்பரத்துக்காக இசைத்துறையினரே அனுப்பியவை என்று தளத்தினர் சொன்னார்கள். வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. கால நீட்டிப்பு ஆணைகள் முத்திரையிட்டு மறைக்கப்பட்டதால் தளத்தின் வழக்கறிஞரால்கூட அவற்றைப் பார்க்க முடியவில்லை. ஓராண்டுக்கும் மேல் கழித்து, 2011 டிசம்பரில், விளக்கம் ஏதுமின்றி முகவரி திருப்பித் தரப்பட்டது. ஓர் அச்சகத்தை இப்படிப் பூட்டி ஓராண்டு கழித்துச் சாவியைக் கொடுத்திருந்தால் அதை நாம் என்ன பெயர் சொல்லி அழைப்போம்?

பிரான்சு இன்னொரு பாதையில் போனது. மூன்று முறை எச்சரிக்கப்பட்டவரின் இணைய இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தை 2009இல் ஒரு நிர்வாக அமைப்புக்குச் சட்டம் கொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 10ஆம் நாள் அந்நாட்டின் அரசியலமைப்பு மன்றம், 1789ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 11ஆம் பிரிவைச் சுட்டி, கருத்துச் சுதந்திரத்துக்கு இணைய அணுக்கம் இன்றியமையாதது, அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை ஓர் அலுவலகத்திடம் ஒப்படைக்க முடியாது என்று அந்தப் பகுதியை ரத்து செய்தது. நான் மிகவும் மதிக்கும் தீர்ப்புகளில் இது ஒன்று. ஓர் இணைப்பை ஒரு குடும்பமே பயன்படுத்துகிறது. ஒருவர் செய்ததற்கு எல்லோருடைய வாயையும் அடைக்க முடியாது. நீதிபதி வழியே துண்டிக்கும் முறை பின்னர் வந்து, 2013இல் அதுவும் கைவிடப்பட்டது.

எல்லோருடைய போக்குவரத்தையும் வடிகட்டும் முறையை இணையச் சேவை நிறுவனத்தின்மீது சுமத்தக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்ததும் இதே தருக்கத்தில்தான். மேற்கோள் எது, கேலி எது, களவு எது என்று எந்த வடிகட்டிக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் எல்லோருடைய கடிதத்தையும் அது பிரித்துப் படித்தாக வேண்டும்.

காசு கொடுத்து வாங்கிய பொருள் என்னுடையது இல்லையா?

அச்சு நூலானால் உங்களுடையது. விற்கலாம், இரவல் தரலாம். மின்னூலானால் பெரும்பாலும் நீங்கள் வாங்கியது உரிமம் மட்டுமே. 2009 ஜூலையில் அமேசான், விற்பவருக்கு உரிமை இல்லை என்று தெரியவந்ததும், வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கிய இரண்டு ஆர்வெல் நாவல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பின்னர் மன்னிப்பும் கேட்டது. நூல்களோடு சேர்ந்து, ஒரு மாணவர் படிப்புக்காக எழுதி வைத்திருந்த குறிப்புகளும் பயனற்றுப் போயின. அந்தக் குறிப்புகள் யாருடைய சொத்து?

மின்னூல் போன்றவற்றுக்குப் போடப்படும் மென்பொருள் பூட்டுகளை உடைப்பதையே, உள்ளே எடுப்பது உங்களுடைய பொருளாக இருந்தாலும், டிஎம்சிஏ சட்டம் சட்டவிரோதமாக்கியது. தம் நாட்டில் சட்டப்படி எழுதிய மென்பொருளுக்காக ஒரு ரஷ்ய நிரலாளர் 2001 ஜூலையில் லாஸ் வேகாஸில் கைதாகிச் சில வாரங்கள் சிறையில் இருந்தார். அவருடைய நிறுவனத்தை 2002 டிசம்பரில் நடுவர் குழு விடுவித்தது. 2013இல் சொந்தக் கைப்பேசியின் நிறுவனப் பூட்டைத் திறப்பதுகூட அமெரிக்காவில் சட்டவிரோதம் ஆனது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்ட பிறகு 2014இல் தனிச் சட்டம் போட்டு அதை அனுமதிக்க வேண்டியதாயிற்று.

மருந்துக் காப்புரிமையை அரசு மீறுவது அத்துமீறல்தானே?

நிபந்தனைகளைப் பொறுத்தது. உரிமையாளரின் சம்மதமின்றி வேறொருவர் மருந்தைத் தயாரிக்க அரசு அனுமதிப்பதைக் கட்டாய உரிமம் என்பார்கள். அது பறிமுதல் அன்று. டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே ஆராய வேண்டும், உரிமையாளருக்குத் தக்க தொகை தர வேண்டும், நீதிமன்றத்திலோ வேறொரு சுதந்திரமான மேல் அமைப்பிலோ கேள்வி கேட்க வழி இருக்க வேண்டும். உலக வணிக அமைப்பின் 2001ஆம் ஆண்டு தோஹா அறிவிப்பு இதை மீண்டும் உறுதி செய்தது. பிரேசில் 2007இல் எச்ஐவி மருந்தான எஃபாவிரென்ஸுக்கு இதைப் பயன்படுத்தியது. அரசு கொடுத்த ஏகபோகத்தை, காரணம் சொல்லி, விலை கொடுத்து, மேல்முறையீட்டுக்கு இடம் வைத்து அரசு தளர்த்துவதை நான் அத்துமீறலாகக் கருதவில்லை. காரணம் சொல்லாமல் செய்தால் கருதுவேன்.

அரசு எழுதியது யாருக்குச் சொந்தம்?

மக்களுக்கு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் தன் சட்டத் தொகுப்பின் அதிகாரபூர்வ உரைக்குறிப்புகளுக்குப் பதிப்புரிமை கோரி, அவற்றை இலவசமாக வெளியிட்ட ஓர் அமைப்பின்மீது வழக்குத் தொடுத்தது. கட்டுப்பட வேண்டியது எல்லோரும், படிக்க உரிமை பணம் கட்டியவருக்கு என்றால் அது சட்டமா? 2020 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற மயிரிழையில் மாநிலத்தின் கோரிக்கையை நிராகரித்தது.

பார்வையற்றோர் படிக்கும் உரிமை இதில் எங்கே வருகிறது?

பல நாடுகளில் ஒரு நூலைப் பிரெயிலில் ஆக்கவும் எல்லை தாண்டி அனுப்பவும் உரிமையாளரின் அனுமதி வேண்டியிருந்தது. 2013இல் கையெழுத்தாகி 2016இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, அதில் சேர்ந்த நாடுகளில் அந்தத் தடையை விலக்கியது. எழுத்தாளர்கள் யாரும் இதனால் ஏழையாகவில்லை.

என் படைப்பைத் தவறாக நீக்கிவிட்டார்கள். நான் என்ன செய்யலாம்?

அறிவிப்பின் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். எந்தப் படைப்பு, எந்தப் பகுதி, யார் சார்பில் என்பது அதில் இருந்தாக வேண்டும். மேற்கோளோ விமரிசனமோ என்றால், நீங்கள் எடுத்தாண்ட அளவையும் காரணத்தையும் இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதி எதிர் அறிவிப்பு அனுப்பலாம். டிஎம்சிஏ முறையில், புகார் செய்தவர் வழக்குத் தொடுக்காவிட்டால் 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் தளம் அதைத் திரும்ப வைக்க வேண்டும். உங்கள் முகவரி புகார்தாரரின் கைக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். அதனால் ஆபத்து உண்டென்றால் முதலில் ஒரு வழக்கறிஞரிடமோ உரிமை அமைப்பிடமோ பேசுங்கள். உங்கள் வரைவுகளைத் தேதியோடு சேமித்து வையுங்கள். மற்றவர்கள் எடுத்தாள்வதில் உங்களுக்கு மறுப்பில்லை என்றால், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்து, எது அனுமதி, எது அனுமதி இல்லை என்பதைப் படைப்பின் அடியிலேயே எழுதிவிடுங்கள். என் கட்டுரை களவுபோன பிறகு நான் செய்தது அதுதான்: யாரும் எடுத்து வெளியிடலாம், என் பெயரை மட்டும் விட்டுவிடக் கூடாது.